பொறியும் மனிதரும்

நுழையும்முன்

புதிய கருவி ஒன்று வீட்டிற்குள்ளோ தொழிற்கூடத்திற்குள்ளோ நுழையும்போது மனிதர் எல்லாரும் ஒரே வகையில் அதனை எதிர்கொள்வதில்லை. ஒருவர் அஞ்சுகிறார், ஒருவர் வியக்கிறார், ஒருவர் அதற்குச் சந்தனம் இட்டு வணங்குகிறார், வேறொருவர் அதனைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். இவற்றுள் எது சரியானது? எந்தச் சூழலில் எது தேவையானது? நாம் நாள்தோறும் அணியும் பனியனையும், அதனை உலகிற்கு அனுப்பும் திருப்பூரையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

பக்கத்தில் தையல் இல்லாத ஆடை

நம் வீட்டிலுள்ள பழைய கையில்லாப் பனியன் ஒன்றை எடுத்து அதன் இரு பக்கங்களையும் தடவிப் பாருங்கள். அவ்வகைப் பனியன் பலவற்றில் அக்குள் முதல் கீழ்விளிம்பு வரை தையலே இருப்பதில்லை. சட்டைக்குப் பக்கத் தையல் உண்டு; பனியனுக்கு ஏன் இல்லை? துணியை வெட்டி இணைக்காமல் உடலைச் சுற்றும் குழாயாகவே அது பின்னப்பட்டது என்பதே காரணம். அக்குழாயைப் பின்னுவது வட்டப் பின்னல் பொறி.

சட்டைத்துணி நெய்யப்படுவது. அதில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பனியன் துணியோ பின்னப்படுவது. அதில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாக ஒன்றையொன்று கோத்துக்கொள்கிறது. இழுத்தால் கண்ணி நீள்கிறது, விட்டால் மீள்கிறது. பனியன் உடலோடு ஒட்டி விரிவதற்கு இந்தக் கண்ணி அமைப்பே காரணம். ஆடை நமக்கு நெருக்கமானதுதான்; ஆயினும் அதன் அமைப்பை நம்மில் எத்தனை பேர் உற்றுநோக்கியிருக்கிறோம்? அன்றாடம் பயன்படுத்தும் பொருள் பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. தொழில்நுட்பத்தைப் பற்றிய நம் எதிர்வினைகளுள் மிகப் பரவலானது இந்தப் பழக்கமே.

கண்ணியின் கணக்கு

வட்டப் பின்னல் பொறியின் உயிர்நாடி ஓர் ஊசி. அதன் தலையில் சிறு கொக்கி இருக்கும்; கொக்கிக்குக் கீழே கதவின் தாழ்ப்பாள்போல் மேலும் கீழும் அசையும் ஒரு நாக்கு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த மேத்யூ டவுன்சென்ட் இவ்வகை ஊசிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஊசி மேலே எழும்போது முன்பே அதிலிருந்த கண்ணி, நாக்கைத் திறந்துகொண்டு கீழிறங்குகிறது. கொக்கியில் புதிய நூல் வந்து விழுகிறது. ஊசி கீழிறங்கும்போது பழைய கண்ணி நாக்கை மேல்நோக்கித் தள்ளிக் கொக்கியை மூடுகிறது. பிறகு ஊசித்தலையின் மீதாக வழுக்கி வெளியேறுகிறது. புதிய நூல் பழைய கண்ணியின் ஊடாக இழுக்கப்பட்டுப் புதிய கண்ணி ஆகிறது. பாட்டியர் இரு கம்பிகளைக் கொண்டு கம்பளி பின்னும்போது விரல்கள் செய்யும் வேலை இதுவே.

30 அங்குல விட்டமும், சுற்றளவில் அங்குலத்திற்கு 24 ஊசிகளும் கொண்ட பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 94 அங்குலம். ஆகவே அதில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். 90 இடங்களில் நூல் ஊட்டப்பட்டால், பொறி ஒருமுறை சுற்றும்போது இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்ணிகள் உருவாகும். நிமிடத்திற்கு 20 சுற்று என்றால், 40 இலட்சம் கண்ணிகள். கைப்பின்னலில் தேர்ந்த ஒருவர் நிமிடத்திற்கு நூறு கண்ணிகள் பின்னுவார் எனக் கொண்டால், ஒரு பொறி நாற்பதாயிரம் பேரின் கைவேகத்திற்கு ஈடாகிறது.

இத்தனை விரைவிலும் மனிதக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. 2,260 ஊசிகளுள் ஒன்றே ஒன்று பழுதுபட்டாலும் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழும். தொழிலாளர் அதனை ‘நீடில் லைன்’ என்பர். ஓடும் துணியில் அந்த மெல்லிய கோட்டைக் கண்டவுடன் பொறியை நிறுத்துபவரே நல்ல பின்னல் தொழிலாளி. நிறுத்தத் தவறினால் பொறியின் விரைவே பிழையையும் விரைவாகப் பெருக்கிவிடும்.

அஞ்சியவர்களும் எதிர்த்தவர்களும்

ஒரு பொறி நாற்பதாயிரம் கைகளுக்கு ஈடு என்னும்போது, அந்தக் கைகளுக்கு உரியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பின்னல் தொழிலின் வரலாறே இவ்வினாவிற்கு விடை தருகிறது.

1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்னும் சமயகுரு, காலுறை பின்னும் சட்டகம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு உரிமை வழங்க முதலாம் எலிசபெத் அரசி மறுத்தார் என்றும், கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று அவர் அஞ்சினார் என்றும் கூறுவர். லீ பிரான்சு நாட்டிற்குச் சென்றார். தம் கண்டுபிடிப்பின் பயனை முழுமையாகக் காணாமலே மறைந்தார்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1811இல், அதே நாட்டிங்காம் பகுதியில் தொழிலாளர்கள் இரவில் கூடிப் பின்னல் சட்டகங்களை உடைத்தனர். அவர்கள் ‘லுட்டைட்டுகள்’ எனப்பட்டனர். புதுமை எதையும் வெறுப்பவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக இன்று அப்பெயர் வழங்குகிறது. ஆனால், அவர்கள் பொறியை அறியாதவர்கள் அல்லர். அச்சட்டகங்களிலேயே வேலை செய்து தேர்ந்தவர்கள். கூலிக் குறைப்பு, முறையாகத் தொழில் பயிலாதவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்துதல், தரங்குறைந்த காலுறைகளை மலிவாக உற்பத்தி செய்து சந்தையைக் கெடுத்தல் ஆகியவையே அவர்களுடைய குறைகள். சட்டகத்தை உடைப்பவர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்து இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையில் தம் முதல் உரையை நிகழ்த்தியவர் கவிஞர் பைரன்.

தையல் பொறியின் கதையும் இத்தகையதே. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே 1830இல் ஒரு தையல் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசு நகரில் ஏறத்தாழ 80 பொறிகளுடன் படைவீரர்களின் சீருடை தைக்கும் கூடம் ஒன்று அமைந்தது. 1831இல் தையற்காரர்கள் கூட்டமாக நுழைந்து அப்பொறிகளை அழித்தனர். கண்டுபிடித்தவரும் தையற்காரர், அழித்தவர்களும் தையற்காரர்கள்.

இந்நிகழ்வுகளை ‘அறியாமை’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடலாகாது. பொறியால் வரும் பயன் ஒருவர்க்கும், இழப்பு மற்றொருவர்க்கும் ஆகும்போது எழும் குரல் அது. குரல் எழுப்பிய முறை தவறாக இருக்கலாம். அக்குரலில் அடங்கிய வினா தவறானதன்று.

தெரியுமா?

பிரான்சு நாட்டு ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாடு நெய்யும் தறியை 1804இல் உருவாக்கினார். துளை உள்ள இடத்தில் ஒரு செயல், இல்லாத இடத்தில் வேறொரு செயல் என்பது அதன் அடிப்படை. சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட பகுப்புப் பொறிக்குத் துளை அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். அப்பொறியைப் பற்றி அடா லவ்லேஸ் 1843இல் விளக்கக் குறிப்புகளை வெளியிட்டார். கணினியின் குடும்ப வரலாற்றில் தறிக்கும் ஓர் இடம் உண்டு.

திருப்பூருக்கு வந்த பொறி

பருத்தியும் நூற்பாலைகளும் நிறைந்த கொங்கு மண்ணில் 1920களில் பின்னல் தொழில் கால்கொண்டது. கல்கத்தாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கையால் சுழற்றும் பொறிகளே அதன் தொடக்கம் என்பர். உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் தைத்துவந்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்களின் வருகைக்குப் பிறகு வெளிநாட்டு ஏற்றுமதியில் இறங்கியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தோன்றியது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இங்கும் தொழிலாளர் போராடினர். 1984இல் பஞ்சப்படி கோரி 127 நாள்கள் நீண்ட வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நாட்டிங்காமில் பொறி உடைந்தது; திருப்பூரில் பொறி நின்றது. பொறி வேண்டா என்பது அவர்களின் முழக்கம் அன்று; பொறி ஈட்டித் தரும் வருவாயில் உரிய பங்கு வேண்டும் என்பதே கோரிக்கை.

வந்த பொறியை இவ்வூர் தன் வழக்கங்களுக்குள் ஏற்றுக்கொண்ட விதம் நோக்கத்தக்கது. ஆயுத பூசை நாளில் ஓவர்லாக், பிளாட்லாக் பொறிகள் துடைக்கப்பட்டுத் திருநீறும் சந்தனமும் குங்குமமும் அணிகின்றன. அதே வரிசையில் அலுவலக மேசைமீதுள்ள கணினித் திரையும் பொட்டு வைத்துக்கொள்கிறது. ஏரையும் அரிவாளையும் வணங்கிய கை, சோறு தரும் எதனையும் அவ்வாறே வணங்குகிறது. இதனை மூடப்பழக்கம் எனச் சிரிப்பவர் உண்டு. ஆயினும், ஆண்டுக்கு ஒருமுறை பொறியை நிறுத்தித் துடைத்து நன்றியோடு நோக்கும் செயலில், நம்மைத் தாங்கும் கருவியை மறவாத பண்பும் இருக்கிறது.

மொழியும் பொறிக்கு இடம் தந்தது. சிறியதாயினும் பெரியதாயினும் பனியன் தைக்கும் இடம் ‘கம்பெனி’. தையல் பொறிகளை வரிசையாக இட்டு மின்சாரத்தால் இயக்கும் பிரிவு ‘பவர் டேபிள்’. தையற்காரர்க்குத் துணையாகத் துணியை மடித்துக் கொடுக்கும் வேலை ‘கைமடி’. அயற்சொல்லும் தமிழ்ச்சொல்லும் கலந்த இந்தத் தொழில்மொழியை எந்தக் குழுவும் கூடி உருவாக்கவில்லை. வேலை செய்வோரின் வாய்மொழியே அதனை ஆக்கியது.

பிரித்துப் பார்த்தவர்கள்

அச்சத்திற்கும் வணக்கத்திற்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் எதிர்வினை உண்டு. அது, ‘இஃது எவ்வாறு இயங்குகிறது?’ என்னும் ஆர்வம். கொங்குப் பகுதி இதற்குத் தந்த பெரும் சான்று கோவையைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு (1893–1974). இளமையில் ஓர் ஆங்கில அலுவலர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். பலரும் வியப்போடு நின்றிருப்பர். அவரோ உணவகம் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது அவர்தம் வரலாறு. பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத அவரே பின்னாளில் பேருந்துத் தொழில் நடத்தினார். மின்சார முகம் மழிக்கும் கருவி போன்றவற்றை உருவாக்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்திய நாட்டின் முதல் மின்னோடியை உருவாக்கியவர் என்றும் போற்றப்படுகிறார்.

திருப்பூரின் சந்துகளிலும் இவ்வார்வம் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த பின்னல் பொறிகள் இவ்வூருக்கு விலைக்கு வந்தன. அவற்றின் விளக்கக் கையேடு புரியாத மொழியில் இருந்தபோதும், பழுதுபார்ப்போர் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தே அவற்றின் இயக்கத்தைப் புரிந்துகொண்டனர். ஏட்டில் இல்லாத இவ்வறிவு கையிலிருந்து கைக்கு மாறி வந்தது.

கண்ணுக்குத் தெரியாத உப்பு

ஒரு பொறியை அறிவது போதுமா? அதிலிருந்து வெளியேறுவதையும் அறிதல் வேண்டும். நொய்யல் ஆறு கற்பித்த பாடம் இது.

பழங்காலத்தில் காஞ்சிமாநதி என வழங்கிய நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. ஆறு நிறம் மாறியது. வண்ணநீரைக் கண்டவர்கள் எல்லாரும் நிறமே கேடு என எண்ணினர். சுண்ணாம்பு முதலியவற்றைச் சேர்த்து நிறத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பு முறைகள் முதலில் வந்தன. நீர் ஓரளவு தெளிந்தது. ஆனால் கேடு தீரவில்லை.

காரணத்தை வேதியியல் விளக்குகிறது. நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை கொள்கிறது. பருத்திக்குப் பயன்படும் சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை உடையது. ஒத்த மின்தன்மை உடையவை ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையின்பால் செலுத்தவே உப்பு சேர்க்கப்படுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அடர்நிறம் ஏற்றும் சாயத்தொட்டியில் அதனினும் மிகுதியான உப்பு தேவைப்படுவதுண்டு. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ துணியில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. நிறம் கண்ணுக்குத் தெரியும். கரைந்த உப்பு தெரியாது. தெளிந்த நீரைக் கண்டு தூயநீர் என்று நம்பியது நம் கண் செய்த பிழை.

நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்திற்காகக் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அதன் நீரை அஞ்சும் நிலை வந்தது. கிணறுகள் உவர்ப்பாயின. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையைச் சாயப்பட்டறைகள் எய்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு பக்கம் உழவரின் நிலம். மறு பக்கம் தொழிலாளியின் அன்றாடக் கூலி. பல குடும்பங்களில் தந்தை உழவர், மகன் சாயத் தொழிலாளி. ஒரே வீட்டின் இரு கைகளே எதிரெதிரே நின்றன.

தீர்வையும் தொழில்நுட்பமே தர வேண்டியிருந்தது. நுண்துளைச் சவ்வின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்தினால் நீர் கடக்கும், உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச்சவ்வூடு பரவல். பின்தங்கிய செறிவான உப்புநீரை ஆவியாக்கினால் நீரும் உப்பும் தனித்தனியே கிடைக்கும். சாயமேற்ற உப்புநீர்தானே வேண்டும்? செறிவான அந்நீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடைமுறைப்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு வட்டியில்லாக் கடன் வழங்கி உதவியது. பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின. ஆற்றில் எறியப்பட்ட உப்பு விலையுள்ள மூலப்பொருளாயிற்று.

இத்தீர்வும் குறையற்றதன்று. நீரை ஆவியாக்கப் பேரளவில் ஆற்றல் வேண்டும். பிரிக்க இயலாத கலப்பு உப்பும் கசடும் எஞ்சி நிற்கின்றன. ஆற்றிற்குள் போகவில்லை என்பதால் அவை இல்லாமற் போய்விடவில்லை.

வாசலில் நிற்கும் அடுத்த பொறி

இன்று துணியை அடுக்கி, கணினி வரைந்த வடிவப்படி வெட்டும் பொறிகள் வந்துவிட்டன. கழுத்துப்பட்டை பின்னும் பொறியின் வேலைப்பாடு திரையில் வரையப்படுகிறது. ஆனால் தைக்கும் வேலை இன்றளவும் பெரும்பாலும் மனிதக் கைகளிடமே உள்ளது. இரும்புத் தகட்டைத் தூக்கும் எந்திரக் கைக்குப் பனியன் துணி எளிதில் வசப்படுவதில்லை. அது துவள்கிறது, நீள்கிறது, விளிம்பில் சுருள்கிறது. தையல் தொழிலாளியின் விரல் அச்சுருளை ஒரு நொடியில் நீவிச் சரிசெய்கிறது. எளிய வேலை என்று நாம் கருதுவது உண்மையில் எத்துணை நுட்பமானது என்பதைப் பொறியின் தடுமாற்றமே நமக்கு உணர்த்துகிறது.

அத்தடுமாற்றம் என்றும் நீடிக்கும் என்று எண்ணியிருத்தல் தகாது. பொறி கற்றுக்கொள்ளும் நாள் வரலாம். அன்று நாம் கேட்க வேண்டிய வினாக்களை நாட்டிங்காமும் நொய்யலும் முன்பே எழுதி வைத்துள்ளன. இப்பொறி எவ்வாறு இயங்குகிறது? இதனால் யார்க்குப் பயன்? யார்க்கு இழப்பு? இதன் கழிவு எங்கே செல்கிறது? இழப்புக்கு உள்ளாவோர் முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறார்களா?

‘பொறி’ என்னும் தமிழ்ச்சொல்லை எண்ணிப் பாருங்கள். இயந்திரமும் பொறி, கண், காது முதலிய ஐந்தும் பொறி, நெருப்பின் துளியும் பொறி, எலியைப் பிடிப்பதும் பொறி. ஒரு கருவி நம் கையின் நீட்சியாக அமைவதும், புதிய எண்ணத்தின் சுடராக அமைவதும், நம்மையே சிக்கவைக்கும் கண்ணியாக அமைவதும் கருவியை மட்டும் பொறுத்தவையல்ல. அதனை ஏற்கும் சமூகம் எழுப்பும் வினாக்களையும் பொறுத்தவை. பனியனில் தையல் ஏன் இல்லை என்று கேட்பதில் அவ்வினாக்கள் தொடங்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றில் கடந்த இருபது ஆண்டுகளில் நுழைந்த புதிய கருவியைப் பற்றி அத்தொழில் செய்யும் இருவரிடம் உரையாடி, அவர்தம் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் பகுதித் தொழிலாளர் வழங்கும் தொழிற்சொற்கள் இருபதனைத் திரட்டி, அவற்றைத் தமிழ்ச்சொல், அயற்சொல், கலப்புச்சொல் என வகைப்படுத்துக.

3. ‘சாயப்பட்டறைகள் மூடப்பட்ட 2011ஆம் ஆண்டு’ என்னும் பொருளில் உழவர், சாயத் தொழிலாளி, பட்டறை உரிமையாளர் ஆகியோர் உரையாடுவதாக ஓர் உரையாடல் எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.

4. நெய்த துணி, பின்னிய துணி ஆகியவற்றின் சிறு துண்டுகளை உருப்பெருக்கி வழியாகக் கண்டு, வேறுபாடுகளைப் படம் வரைந்து விளக்குக.